உடும்புப் பிடி போட்ட நட்சத்திரம்

இன்னும் கொஞ்சம் அருகில் வாருங்கள், செல்லங்களா. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், நான் முகம் சுளிக்க மாட்டேன். இன்று உங்களுக்காக ஒரு நட்சத்திரத்தின் கதையை எடுத்து வைத்திருக்கிறேன். நட்சத்திரம் என்றதும் ராஜகுமாரன் குதிரையில் வருவான் என்று வாசலைப் பார்க்காதீர்கள். இதில் வருவது ஒரு பிடிவாதக்காரி, அவளுடைய நாத்தனார், இருவருக்கும் நடுவே கட்டைவிரல் நகத்தளவு ஒரு படிகத் தகடு. அவ்வளவுதான்.

முதலில் நட்சத்திரத்தைப் பார்த்துவிடுவோம். நீலமும் வெள்ளையுமாகக் கொதிக்கிற நட்சத்திரம் அது. நம் சூரியனைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினால், அணையப்போகிற அடுப்பு மாதிரி இருக்கும். அந்தச் சூட்டில், அதன் வெளிச்சமே அதன் மேலிருக்கும் வாயுவைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. போதாக்குறைக்குப் பம்பரம் போலச் சுற்றவும் செய்கிறது. அப்படித் தள்ளப்பட்ட வாயு, நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு போர்வையாக நிற்கிறது.

இப்படி நிற்கிற வாயு என்ன ஆக வேண்டும்? கிட்டே இருப்பது வேகமாகச் சுற்றும், தள்ளி இருப்பது மெதுவாகச் சுற்றும். அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தாலும், கொஞ்ச நாளில் இழுபட்டுக் கலைந்துபோகும். வாளித் தண்ணீரைக் கையால் சுழற்றிவிட்டு ஒரு சொட்டு மையை விட்டுப் பாருங்கள், மை எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் இந்த நட்சத்திரத்தின் வாயுவில் இரண்டு மேகங்கள் கலையவே இல்லை. எதிரெதிர்ப் பக்கத்தில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நட்சத்திரம் ஒரு முறை சுற்றினால், பெரியது ஒருமுறை முன்னால் வந்து வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும். பிறகு சின்னது வந்து அதைவிடக் குறைவாக மறைக்கும். நம் கதாநாயகி அவற்றுக்குப் பெரியவள், சின்னவள் என்று பெயர் வைத்திருந்தாள்.

"காந்தம்தான் பிடிச்சு வச்சிருக்கு" என்பது அவள் கட்சி. காகிதத்தில் இரும்புத் தூளைத் தூவி, அடியில் காந்தத்தைக் காட்டினால் கோடு கோடாக எழுந்து நிற்குமே, அதைப்போல அந்த நட்சத்திரத்தைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் இருக்கின்றன. கொதிக்கிற வாயு அந்தக் கோட்டின் வழியாக ஓடலாம், கோட்டைத் தாண்டி ஓட முடியாது. அதனால் ராட்டினத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் மாதிரி, வாயுவும் நட்சத்திரத்தோடு ஒன்றாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். இதைப் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி, ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு உடும்பு என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தன் தேநீர்க் கோப்பையில் அந்தப் பெயரைத் தானே எழுதி வைத்துக்கொண்டாள்.

கண்ணால் காணாத காந்தத்தை எப்படி நிரூபிப்பது? காந்தத்துக்குள்ளிருந்து வருகிற வெளிச்சத்தில் கயிறு திரித்தது போல ஒரு முறுக்கு இருக்கும். காந்தத்தின் வடமுகம் நம்மைப் பார்த்தால் ஒரு முறுக்கு, தென்முகம் பார்த்தால் அதற்கு நேர் எதிர் முறுக்கு. தொலைநோக்கியின் அடியில் ஒரு கருவி உண்டு. அதற்குள் இருக்கிற படிகத் தகடு இந்த முறுக்குகளை வகை பிரித்துக் கொடுக்கும். வடமுகம் என்றால் கூட்டல், தென்முகம் என்றால் கழித்தல். உடும்பின் நட்சத்திரத்தில் காந்தம் சாய்வாக இருந்தது. ஆகவே சுற்றச் சுற்ற, கூட்டலும் கழித்தலும் அலை மாதிரி மாறி மாறி வர வேண்டும். போன வருடம் வந்தது. அழகான அலை.

இந்த வருடத்துக் கணக்கை அதோடு சேர்த்ததும் அலை செத்துப்போயிற்று.

ஆய்வுக்கூடத் தலைவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் மட்டும் ஏதோ வேண்டாத செய்தி வருகிறது என்று அர்த்தம். அன்றைக்குத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இங்க பாருங்க. போன வருஷம் கூட்டல் வந்த இடத்துல எல்லாம் இந்த வருஷம் கழித்தல் வருது. ரெண்டையும் சேத்தா பூஜ்யம். காந்தம்னு ஒண்ணு இருந்தாத்தானே அளக்க முடியும்?"

"காந்தம் இல்லாம அந்த ரெண்டு மேகமும் எப்படி சார் கலையாம நிக்குது?"

"அது தெரியல. ஆனா வெள்ளிக்கிழமை கூட்டத்துல இந்தக் கருவியைக் கழட்டுறதுன்னு முடிவாகப் போகுது. அந்த இடத்துக்குப் புதுக் கேமரா பெட்டியோட வந்து உக்காந்திருக்கு. கழட்டிட்டா அவ்வளவுதான், திரும்ப மாட்ட மாட்டாங்க."

உடும்பு மேஜையிலிருந்த கணக்குத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் கருவி போனால் அவள் சொன்னது சரியா தவறா என்று அவளுக்கே கடைசிவரை தெரியாமல் போய்விடும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள்.

தலைவருக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கும்மா. நட்சத்திரம் சுத்துற நேரத்தை மயிரிழை மாத்திப் போடுங்க. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவுல அது எத்தனை சுத்து சுத்துச்சுன்னு நாம கூடவே நின்னா எண்ணினோம்? அரைச்சுத்து கூடப் போயிருக்குன்னு வச்சுக்கிட்டா, கழித்தல் எல்லாம் அதுங்க இடத்துக்குப் போய்ச் சேந்துடும். அலை திரும்ப வந்துடும்."

இது பித்தலாட்டம் இல்லை, கண்ணுகளா. உண்மையாகவே அப்படி நடக்கக்கூடியதுதான். வேறு யாராவது இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். உடும்புக்கும் வாய் வரைக்கும் "சரி" வந்தது. ஆனால், "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அவள் கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அவள் உள்ளே நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, ஓடாமல் நின்றிருந்த தையல் மிஷினின் சக்கரத்தில் ஒரு பக்கம் பெரிய வட்டமும் எதிர்ப்பக்கம் சின்னப் புள்ளியும் போட்டாள்.

"ஏம்மா, அது மிஷினு. கரும்பலகை இல்ல" என்றார் அவர்.

"கொஞ்சம் பொறுங்க."

சக்கரத்தைப் பிடித்து மெல்லச் சுற்றினாள். பெரிய வட்டம் மேலே வந்தது. அரைச்சுற்று சுற்றினாள். இப்போது அதே இடத்தில் சின்னப் புள்ளி. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"அரைச்சுத்து கூடிப்போயிருந்தா, இந்த வருஷம் பெரியவ வர வேண்டிய நேரத்துல சின்னவ வந்திருக்கணும்ங்க. வரலை. மாடியில இருக்குற சின்னத் தொலைநோக்கியில வெளிச்சம் மங்குறதைத் தனியா அளந்துக்கிட்டே இருக்கோம். பெரியவ அவ நேரத்துக்குத்தான் வந்தா. சின்னவ அவ நேரத்துக்குத்தான் வந்தா."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லதா? எனக்குக் குடுத்த ஒரே வழியை நானே அடைச்சுட்டேன்."

தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அடைக்காம இருந்தா உனக்குத் தூக்கம் வருமா? சாப்பிட்டுட்டு அடுத்த வழியைப் பாரு" என்றார். இந்த மாதிரிக் கணவர் கிடைப்பது லேசில்லை என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

சாப்பிடும்போது அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். மேகங்கள் இடம் மாறவில்லை, ஆகவே நட்சத்திரம் சுற்றுகிற நேரம் சரி. கூட்டல் கழித்தல் மட்டும் தலைகீழ். இந்த வகை நட்சத்திரத்தின் காந்தம் ஒரு வருடத்தில் தலைகீழாகப் புரண்டதாக யாரும் கண்டதில்லை. நட்சத்திரம் மாறவில்லை என்றால், நட்சத்திரத்துக்கும் தனக்கும் நடுவில் இருக்கிற ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். நடுவில் முறுக்கைப் பிரிக்கிற பொருள் ஒன்றே ஒன்றுதான். படிகத் தகடு. நட்சத்திரத்தை அளக்கிற இரண்டு பருவத்துக்கும் இடையில் அதை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மாட்டியது ஒரே ஒரு கை.

அந்தக் கை எதிரே உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தது.

ஆமாம், நாத்தனார்தான். ஆய்வுக்கூடப் பட்டறையில் கண்ணாடி, வில்லை, படிகம் எல்லாவற்றையும் துடைத்துப் பொருத்துகிற வேலை அவளுடையது. எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். அவள் தொட்ட கண்ணாடியில் ஒரு விரல் ரேகையைக் காட்டினால் அன்றைக்கு ஊருக்கே தேநீர் என்று சவால் விட்டவள். இதுவரை யாருக்கும் அந்தத் தேநீர் கிடைத்ததில்லை.

"ஏய், அந்தத் தகடை நீ மாட்டும்போது எந்தப் பக்கம் முன்னால வச்ச?" என்றாள் உடும்பு, எவ்வளவோ மெதுவாக.

கண்ணாடிக்காரியின் கை தட்டிலேயே நின்றது.

"என்ன அண்ணி, உங்க நட்சத்திரம் ஏமாத்தினா பழி எங்கிட்டயா?"

"பழி போடல. கேக்குறேன்."

"கேக்குற லட்சணம் தெரியுது. இத்தனை வருஷத்துல நான் ஒரு தகடைத் தப்பா மாட்டியிருக்கேனா? சொல்லு அண்ணா, நீயே சொல்லு."

"எனக்குப் பட்டன் மாட்டத்தான் தெரியும். என்னை விட்டுடுங்க" என்று தையற்காரர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நழுவினார்.

"உன் கை மேல எனக்குச் சந்தேகம் இல்லடி. அந்த நட்சத்திரத்து மேலயும் சந்தேகம் இல்ல. ரெண்டும் சரின்னா நான் எங்க போய்த் தேடுவேன்? அதான் கேக்குறேன்."

இந்தப் பேச்சில் கண்ணாடிக்காரி கொஞ்சம் இறங்கி வந்தாள். "நாளைக்குப் பட்டறைக்கு வாங்க. எப்படி மாட்டினேன்னு அப்படியே செஞ்சு காட்டுறேன். அப்புறம் நீங்க எனக்குத் தேநீர் வாங்கித் தரணும்."

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டின் விளிம்பில் ஒரு பக்கம் சின்னக் கறுப்புப் பொட்டு இருக்கும். பொட்டு உள்ள பக்கம் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். பட்டறை மேஜையில் சோதனை விளக்கு நட்சத்திரத்தின் வேலையைச் செய்யும். அதனால் "பொட்டு விளக்கைப் பார்க்கட்டும்" என்பதுதான் அங்கே எல்லோருக்கும் பாடம். வட்டச் சட்டத்துக்குள் தகட்டை வைத்து, திருகை முடுக்கி, அந்தச் சட்டத்தை அப்படியே கொண்டுபோய்க் கருவிக்குள் செருகிவிடுவார்கள்.

மறுநாள் காலை கண்ணாடிக்காரி முக்காலியில் உட்கார்ந்து, வேறொரு தகட்டையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு செய்து காட்டினாள். "இதோ விளக்கு. இதோ பொட்டு. பொட்டு விளக்கைப் பாக்குது. முடுக்கியாச்சு. எங்க தப்பு?"

தப்பே இல்லை. உடும்புக்கு முகம் விழுந்துவிட்டது. போகத் திரும்பியவள், சுவரைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது.

"இதுக்கு எப்ப சுண்ணாம்பு அடிச்சாங்க?"

"பருவம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க, ஒரு வாரம் நான் பட்ட பாடு! மேஜையை இழுத்து நடுவுல போட்டுட்டாங்க. விளக்கோட வயர் எட்டல. அப்புறம் விளக்கைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சு, நான் இந்தப் பக்கம் உக்காந்து…"

சொல்லிக்கொண்டே அவள் முக்காலியோடு அந்தப் பக்கம் போனாள். இல்லாத மேஜையில் இல்லாத விளக்கை நோக்கி, கையிலிருந்த தகட்டைத் தூக்கிப் பிடித்தாள். பொட்டு விளக்கைப் பார்த்தது. சட்டம் மட்டும், மேஜையோடு திருகிப் பொருத்தப்பட்ட அதன் தாங்கியில், எப்போதும் பார்க்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கும். விளக்கு இடம் மாறியது, சட்டம் மாறவில்லை. வழக்கத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியதால் தகடு முன்பின்னாகப் போயிருந்தது. தகடு முன்பின்னானால் கூட்டல் கழித்தலாகிவிடும்.

கண்ணாடிக்காரி கையை இறக்கவே இல்லை.

"அண்ணி" என்றாள். "நான்தான்."

உடும்பு அவள் கையிலிருந்த தகட்டை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தாள்.

"இப்பவே மேல ஏறிப் போய்த் திருப்பி வச்சுடுறேன் அண்ணி. யாருக்கும் தெரிய வேண்டாம். அஞ்சு நிமிஷ வேலை."

"தொட்டுடாதே! இப்ப அது எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். நீ திருப்பி வச்சுட்டா, முன்னாடி தலைகீழா இருந்துச்சுன்னு நான் எதைக் காட்டுவேன்? நாத்தனாரும் அண்ணியும் சேந்து கதை கட்டுறாங்கன்னுவாங்க."

"அப்ப என்ன பண்றது?"

"காந்தம் எப்படின்னு உலகத்துக்கே தெரிஞ்ச நட்சத்திரம் ஒண்ணு இருக்கு. எப்பவும் வடமுகத்தை மட்டும்தான் நமக்குக் காட்டும். அதை இப்ப இருக்குறபடி ஒரு தடவை அளக்கணும். தகடைத் திருப்பிட்டு இன்னொரு தடவை அளக்கணும்."

"அதை இந்த வருஷம் முன்னாடியே அளந்திருப்பீங்களே?"

உடும்பு சுவரைப் பார்த்தாள். "இல்ல. மேகமூட்டமான வருஷம்டி. வானம் கொஞ்சம் திறந்தாலும் என் நட்சத்திரத்துக்கே ஓடினேன். சாட்சி நட்சத்திரத்துக்கு நேரம் ஒதுக்க மனசு வரல."

கண்ணாடிக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப தேநீர் செலவுல பாதி உங்களோடது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கையிலிருந்தது அன்றைய சாயங்காலம் ஒன்றுதான். வானமோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. சாட்சி நட்சத்திரம் பிரகாசமானது, அந்தி வெளிச்சத்திலேயே பிடித்துவிடலாம். ஆனால் மேகத்துக்கு அது தெரியுமா? இரண்டு பேரும் தொலைநோக்கிக் கூடத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். வேலையாள் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, வீட்டுக்குப் போங்க" என்றார்.

"நாங்க பாட்டுக்கு இருக்கோம். நீங்க போங்கண்ணே" என்றாள் உடும்பு.

சூரியன் இறங்கிய பக்கத்தில் மேகம் ஒரு கிழிசல் விட்டது. அது நகர்ந்து நகர்ந்து வந்தது. உடும்பு தொலைநோக்கியை முன்கூட்டியே அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். கிழிசல் வந்து சேர்ந்ததும் நட்சத்திரம் வாசலில் நின்ற விருந்தாளி மாதிரி உள்ளே வந்தது. அளந்தார்கள். எண் திரையில் விழுந்தது. கழித்தல். உலகம் முழுக்கக் கூட்டல் என்று சொல்கிற நட்சத்திரம்.

"திருப்பு" என்றாள் உடும்பு.

கண்ணாடிக்காரி சட்டத்தை உருவி, திருகைக் கழற்றி, தகட்டைத் திருப்பி வைத்தாள். திருகு கீழே விழவில்லை, தகட்டில் ரேகை படவில்லை. சட்டத்தைச் செருகிவிட்டு, "ஆச்சு" என்றாள். கிழிசலின் மறு ஓரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி அளந்தார்கள். கூட்டல். அத்தோடு மேகம் மூடிக்கொண்டது.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. உடும்பு இரண்டு எண்ணையும் இரண்டாம் முறை பார்த்தாள். கண்ணாடிக்காரி பழைய துணியால் கைகளைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்குக் கூட்டத்துக்கு நானும் வரேன்" என்றாள்.

"நீ வர வேண்டாம். கருவியில பிசகுன்னு மட்டும் சொல்லிக்கிறேன்."

"கருவிக்கு வாய் இல்ல. நான் செஞ்சதை நான்தான் சொல்லணும். உங்களுக்கு மட்டும்தான் பிடிவாதம் இருக்கணுமா?"

கூட்டத்தில் நீள மேஜை, ஆறிப்போன தேநீர், எல்லோர் முகத்திலும் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற பார்வை. முதலில் கண்ணாடிக்காரி எழுந்தாள். சுண்ணாம்பு அடித்ததையும், விளக்கு இடம் மாறியதையும், பொட்டு எப்படித் திரும்பிப்போயிற்று என்பதையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பிறகு உடும்பு எழுந்து சாட்சி நட்சத்திரத்தின் இரண்டு எண்களைக் காட்டினாள். அதை இந்த வருடம் அளக்காமல் விட்டது தன் தவறு என்பதையும் சொன்னாள். கடைசியில் இந்த வருடத்துக் கணக்கில் கூட்டலைக் கழித்தலாக, கழித்தலைக் கூட்டலாக மாற்றி, போன வருடத்தோடு சேர்த்துத் திரையில் போட்டாள்.

அலை எழுந்து நின்றது. அது பூஜ்யத்தைக் கடக்கிற இரண்டு இடத்திலும், காந்தக் கோடுகள் வாயுவைக் கட்டிப்போடும் என்று அவள் சொன்ன அதே இடங்களில், பெரியவளும் சின்னவளும் நின்றார்கள்.

தலைவர் எழுந்து திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வருஷம் இதே கருவியிலதானே என் நட்சத்திரத்தையும் அளந்தேன்?"

"ஆமா சார்."

"அந்தக் கட்டுரை அச்சாகி வந்துடுச்சே."

"அதுவும் தலைகீழாத்தான் சார் நிக்குது" என்றாள் கண்ணாடிக்காரி.

ஒருவருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. தலைவர்தான் முதலில் சிரித்தார், கொஞ்சம் கசப்பாகத்தான். "வேற யாராவது கண்டுபிடிச்சுச் சிரிக்கறதுக்கு முன்னாடி நானே திருத்தி எழுதிடுறேன். கருவி இருக்கட்டும். கேமராவுக்கு வேற இடம் பாருங்க." பிறகு உடும்பிடம் திரும்பி, "நான் சொன்ன அரைச்சுத்தைப் போட்டிருந்தா உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லையே?" என்றார்.

"என் அலை வந்திருக்கும் சார். ஆனா மேகம் பொருந்தியிருக்காது. அதோட என்னைக் குழப்பின தகடு உங்களையும் இன்னும் குழப்பிக்கிட்டே இருந்திருக்கும்."

அன்று மாலை முழு ஆய்வுக்கூடத்துக்கும் தேநீர். செலவு பாதிப் பாதி. கண்ணாடிக்காரி சட்டத்தின் மேலேயே சிவப்புச் சாயத்தில் ஓர் அம்பு வரைந்தாள், விளக்கு எங்கே போனாலும் அம்பு பொய் சொல்லாது என்று. அன்று முதல் அங்கே ஒவ்வொரு வேலையும் சாட்சி நட்சத்திரத்தை அளந்த பிறகுதான் தொடங்குகிறது. உடும்பு முணுமுணுத்துக்கொண்டே அதற்கு நேரம் ஒதுக்குகிறாள்.

அவளுக்கு இப்போது வேறு வேலை வந்துவிட்டது. வாயுவைப் பிடித்து வைத்திருக்கிற காந்தம், அந்த வாயு கடைசியில் நழுவிப் போகும்போது நட்சத்திரத்தின் சுழற்சியையும் கொஞ்சம் பறித்துக்கொண்டு போகும். பிரேக் போடுவது மாதிரி. அப்படியானால் பெரியவள் வருடத்துக்கு வருடம் துளித்துளியாகத் தாமதித்து வர வேண்டும். வருகிறாளா என்று பார்க்க இன்னும் எத்தனையோ வருடம் அதே கருவி, அதே இடத்தில் இருக்க வேண்டும். இருக்கிறது. தையல் மிஷின் சக்கரத்தில் பெரிய வட்டமும் சின்னப் புள்ளியும் அழியாமல் இருக்கின்றன, தையற்காரர் துடைக்கவில்லை.

என் செல்லங்களா, எழுந்திருக்கும் முன் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் சுற்றிச் சுழல்கிறவர்கள் யாரும் ஒருவரை ஒருவர் விட்டுக் கலைந்துபோகாமல் இருக்கட்டும். தவறு செய்த வாய்க்கு "நான்தான்" என்று சொல்லத் தெம்பு வரட்டும். அதைக் கேட்கிற காதுக்கு, கையிலிருப்பதை மெதுவாக வாங்கி வைக்கிற பொறுமை இருக்கட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் குறையாமல் எரியட்டும். உங்கள் பிள்ளைகள் பிடித்ததை விடாத பிள்ளைகளாக இருக்கட்டும். நல்லா இருங்கள், எல்லோரும் நல்லா இருங்கள்.